அழுத்தம் விழும் பக்கம்

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் என்னை ரோலர் பிரஸ் பக்கம் அனுப்பினார்கள். மெக்கானிக்கல் மேனேஜர் குணசீலன் சார் வேகமாக நடந்துகொண்டே விளக்கினார். நான் பின்னால் ஓடிக்கொண்டே கேட்டேன். இரண்டு இரும்பு உருளைகள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். ஒன்று இருந்த இடத்தில் சுற்றும். இன்னொன்றை ஹைட்ராலிக் சிலிண்டர்கள் அதன்மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் விழுகிற, சூளையில் வெந்த கிளிங்கர் கட்டி நொறுங்கிக் கீழே போகும். கரும்பு ஜூஸ் மெஷின்தான், சாறு வராது, சிமென்ட் வரும் என்றார். தள்ளுகிற அழுத்தம் முழுக்கக் கடைசியில் உருளைகளின் முனையில் இருக்கும் நான்கு பேரிங்குகள்மேல்தான் உட்காரும்.

கல்லூரியில் நான் பார்த்த பேரிங்குகள் உள்ளங்கையில் வைத்துச் சுற்றுகிற அளவு. இது ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு அடுப்படிக் கதவு உயரம்.

ஒரு வருடம் டிரெய்னி. அடுத்த ஜூலையில் பெர்மனன்ட் ஆக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். போன வருடம் நான்கு பேரை எடுத்து இரண்டு பேரை வைத்துக்கொண்டார்களாம். அம்மா முந்திரி உடைக்கிற ஷெட்டில் எல்லோரிடமும் நான் இன்ஜினியர் ஆகிவிட்டேன் என்று சொல்லிவிட்டாள். டிரெய்னி என்றால் என்ன என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஹெல்மெட் பெரிதாக இருக்கிறது. குனிந்தால் கண்ணை மறைக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

தினமும் காலையில் வெப்பமானித் துப்பாக்கியுடன் ஒரு சுற்று. ஒவ்வொரு பேரிங் மேலும் சிவப்புப் புள்ளியைக் காட்டி எண்ணை எழுதிக்கொள்வது என் வேலை. ரோலர் பிரஸ் பேரிங்குகள் ஐம்பத்தைந்தைத் தாண்டுவதில்லை.

கிரீஸ் போடுகிற கொளஞ்சி தினமும் அதே வழியில் வருகிறார். காண்ட்ராக்ட் ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை கிரீஸ், காதில் ஒரு பீடி. அதைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும், "என்னா மேடம், புள்ளைங்களுக்கு ஜொரம் பாத்தாச்சா?" என்றார். சிரிக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த மாடிக்குப் போய்விட்டார்.

என் பெயர் இளவரசி என்பது இங்கே எல்லோருக்கும் ஒரு விளையாட்டு. பல்லக்கு வரவில்லையா என்று ஃபிட்டர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் திமிர் என்கிறார்கள். எனக்குப் பதில் எப்போதும் பஸ்ஸில் போகும்போதுதான் வருகிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

ரோலர் பிரஸ்ஸின் அழுத்தத்தை நூற்றிருபது பாரிலிருந்து நூற்றைம்பதுக்கு ஏற்றினால் பேரிங் ஆயுள் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு வரச் சொன்னார் குணசீலன் சார். ஆர்டர் நிறைய வந்திருக்கிறதாம்.

கணக்கு பெரிதில்லை. மூன்றாம் ஆண்டிலேயே படித்தது. சுமை இரண்டு மடங்கானால் பேரிங்கின் ஆயுள் பாதியாகாது, பத்தில் ஒரு பங்காகிவிடும். கால் பங்கு ஏற்றினாலே பாதிக்கும் கீழே போகும். இந்த பேரிங்குகள் மாட்டி ஆறு வருடம் ஆகிவிட்டது. பழைய சுமையில் இன்னும் நான்கு வருடம் ஓடும். புதிய சுமையில் இரண்டு வருடம்கூட வராது. அதுவும் நூறில் தொண்ணூறு பேரிங்குகளுக்கான கணக்கு. மீதிப் பத்து எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நாளை மீட்டிங்கில் நான் சொல்ல வேண்டுமாம். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் செய்து, ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். அந்த வாக்கியம் 'ஆயுள்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது.

செப்டம்பர் 18, புதன்

ஆலைத் தலைவரை எல்லோரும் பெரிய சார் என்கிறார்கள். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் கதவோரம். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. என் முறை வந்தபோது எழுந்தேன். வாக்கியம் தொண்டைவரை வந்தது. என் முகத்தைப் பார்த்துப் பெரிய சாருக்கு இரக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

"தமிழ்லயே சொல்லும்மா, பயப்படாத. நூத்தம்பது வச்சா பேரிங் தாங்குமா, தாங்காதா?"

"தாங்கும் சார். ஆனா..."

"அவ்ளோதான்" என்று மேசையைத் தட்டினார். "சின்னப் பொண்ணுக்கு இருக்கிற தைரியம் உங்க யாருக்கும் இல்லை." எல்லோரும் சிரித்தார்கள். அவர் போனை எடுத்து ஹெட் ஆபீசுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் புடவை நுனியை இழுப்பதுபோல என் கோட்டின் கையை இழுத்து உட்கார வைத்தார்.

நான் சொன்னது பொய் இல்லை. நூற்றைம்பதில் பேரிங் உடைந்துவிடாது. தாங்கும். எத்தனை நாள் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. நான் ஆங்கிலத்திலேயே உளறியிருந்தால் ஆயுள் முதலில் வந்திருக்கும். தமிழில் கேட்டார், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டேன்.

படிக்கட்டில் குணசீலன் சாரைப் பிடித்து, ஆயுள் பாதிக்கும் கீழே வந்துவிடும், ஸ்பேர் பேரிங் இப்போதே ஆர்டர் போட வேண்டும் என்று முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தெரியும், அப்புறம் எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

செப்டம்பர் 19, வியாழன்

காலையிலேயே நூற்றைம்பது வைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மெஷின்கள் நின்றதும் காதுக்குள் ஒரு மாதிரி இருந்தது. பேரிங்குகளின் கூடான ஹவுசிங் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கொளஞ்சி, கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளுக்கு மட்டும் பொட்டு வைக்கக் கூடாது என்று சண்டை போட்டார். "சாமிக்குப் பொட்டு வச்சிட்டு நீங்க போயிடுவீங்க. நாளைக்குக் குச்சி வச்சு நோண்டுறவன் நான்."

இந்த மாதம் உற்பத்தி நன்றாக ஏறியிருக்கிறது. பெரிய சார் பேசும்போது, தாங்கும்னு சொன்ன பொண்ணு எங்கே என்று கேட்டு, முதல் ஸ்வீட் பாக்கெட்டை எனக்குக் கொடுத்தார். கை தட்டினார்கள். வாங்கிக்கொண்டு நன்றி சார் என்றேன்.

பொரி கடலையை ஹாஸ்டலுக்கு எடுத்து வந்தேன். பாதுஷாவை ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று வைத்திருக்கிறேன், கெட்டுப்போகாது.

நவம்பர் 20, புதன்

வெளியேற்று ஃபேனின் பேரிங் இன்று எண்பத்தொன்று காட்டியது. தொட முடியவில்லை. நிப்பிளைத் துடைத்துப் பார்த்தால் காய்ந்து கிடந்தது. கொளஞ்சியைத் தேடிப் பிடித்தேன். முகம் வெளுத்துவிட்டது. அக்காள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று ஊருக்குப் போகிற அவசரத்தில் நேற்று முன்தினம் அந்த மாடியை மட்டும் ஏறாமல் விட்டுவிட்டாராம். ஓடிப்போய்க் கிரீஸ் அடித்தார். மதியத்துக்குள் அறுபதுக்கு இறங்கிவிட்டது.

"மேடம், இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா கேட் பாஸைப் புடுங்கிடுவான். ரெண்டு பொட்டப் புள்ளைங்க படிக்குது."

சரி என்றேன். சுற்று முடிவில் எண்பத்தொன்றை எழுதாமல் அறுபதை எழுதினேன். இதற்கு முன் அவர் அந்த மாடியைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ரோலர் பிரஸ்ஸில் ஒருநாளும் விட்டதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருப்பார்.

டிசம்பர் 16, திங்கள்

ஸ்பேர் பேரிங் கேட்டது திரும்பி வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வர எட்டு மாதம், அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று பெரிய சார் சொல்லிவிட்டாராம். "தாங்கும்னு உங்க டிபார்ட்மென்ட்டே சொல்லுது, அப்புறம் எதுக்கு ஸ்பேர்ன்னு கேக்கறார்" என்றார் குணசீலன் சார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நேற்றோடு இன்னொரு இன்ஜினியர் பழனிவேல் வேலையை விட்டுவிட்டுக் குஜராத் போய்விட்டார். அவர் பார்த்த கன்வேயர், பேக்கிங் இரண்டும் இனி நான். புது ஆள் வரும்வரை என்றார்கள். முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. இளவரசி பார்த்துக்கொள்வாள் என்று மீட்டிங்கில் சொன்னபோது தலையாட்டினேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். வீட்டில் இருக்கிறேன். அம்மாவின் விரல்கள் முந்திரித் தோல் பாலில் வெந்து நகக்கண் வரை கறுத்திருக்கின்றன. ஷெட்டுக்குப் போக வேண்டாம் என்றால், நீ பெர்மனன்ட் ஆகு, மறுநாளே நின்றுவிடுகிறேன் என்கிறாள். அந்தச் சொல்லை எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. இப்போது தம்பியும் சொல்கிறான். பக்கத்து வீட்டு அத்தைகூட, பெர்மனன்ட் ஆயிடுச்சா கண்ணு என்றுதான் கேட்டாள், சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

இடது பக்கக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. கரும்பை வலது பக்கமே வைத்துக் கடித்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கன்ட்ரோல் ரூமில் எதேச்சையாகப் பார்த்தேன். நூற்றறுபது. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமையிலிருந்து என்று ஆபரேட்டர் சொன்னான். இந்தமுறை தாங்குமா என்றுகூட யாரிடமும் கேட்கவில்லை. பேரிங்குகள் அறுபத்தைந்து காட்டுகின்றன. மூன்றாம் எண் மட்டும் எழுபத்திரண்டு.

குணசீலன் சாரிடம் சொன்னேன். மார்ச் முடியட்டும்மா என்றார்.

மார்ச் 31, திங்கள்

ஆலை ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு உற்பத்தி ஆனதே இல்லையாம். கேட்டில் பட்டாசு. ரம்ஜான் என்று ஃபிட்டர் சலீம் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நான் ஒரு பக்கமாகவே மென்றேன்.

காலையில் மூன்றாம் எண் பேரிங்கிலிருந்து பிதுங்கி வெளியே வந்த பழைய கிரீஸைக் கொளஞ்சி விரலில் எடுத்து வெயிலில் காட்டினார். ஜிகினா போட்டதுபோல் மின்னியது. "என்னா மேடம் இது, திருவிழாப் பொம்பள மூஞ்சி மாதிரி." இரும்புத் தூள். உள்ளே வளையம் உரிய ஆரம்பித்துவிட்டது.

அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் எடுத்துக்கொண்டு போய்க் குணசீலன் சாரின் மேசையில் வைத்தேன். கவரை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இழுப்பறையில் போட்டார். இதைப் பார்த்ததாக இப்போதைக்கு யாரிடமும் பேச வேண்டாம், அவரே சமயம் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பெர்மனன்ட் ஆக வேண்டிய நேரத்தில் எனக்கு எதற்கு வம்பு என்றும் சொன்னார். அவர் சொல்வது அக்கறையில்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பல் டாக்டர். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். தூக்கத்தில் என்ன செய்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும். அங்கிருந்தே ரூமில் இருக்கும் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஏய், தினமும் நறநறன்னு கடிக்கிற, நான் ஹெட்போன் போட்டுத்தான் படுக்கறேன்" என்றாள். பல்லில் விரிசலாம். டாக்டர் எடுத்துவிட்டார்.

துணி துவைத்தேன். சீருடையில் கிரீஸ் கறை போகவில்லை.

மே 7, புதன்

மூன்றாம் எண் போய்விட்டது.

நான் பேக்கிங்கில் இருந்தேன். தரை அதிர்ந்தது. அப்புறம் சத்தமே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது உருளை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தது. புகை. யாருக்கும் அடிபடவில்லை. கொளஞ்சி கிரீஸ் கன்னைக் கையில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடம் முன்னால்தான் அங்கிருந்து நகர்ந்தாராம். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டார்.

மே 10, சனி

ஹவுசிங்கைத் திறந்தார்கள். நான் விளக்குப் பிடித்தேன்.

கிரீஸ் இல்லாமல் போகிற பேரிங் வெந்து கருநீலமாக இருக்கும். இது வேகவில்லை. கிரீஸ் நிறைய இருந்தது, புதிதாகவே இருந்தது. வெளிவளையத்தில் அழுத்தம் விழும் பக்கம் மட்டும், ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோலப் பட்டை பட்டையாக உரிந்திருந்தது. மறுபக்கம் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. பாடப்புத்தகத்தில் போட்டிருந்த படம் அப்படியே. சுமை.

குணசீலன் சாரும் பார்த்தார். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. "கிரீஸைத் தொடச்சு எடுத்துடுங்கப்பா, போட்டோ எடுக்கணும்" என்று ஃபிட்டர்களிடம் சொன்னார். டீசல் ஊற்றித் துடைத்தார்கள்.

விளக்கு கனமாக இருந்தது. கை மாற்றிக்கொண்டேன்.

மே 14, புதன்

வேறோர் ஊரில் இருக்கும் எங்கள் ஆலையிலிருந்து பழைய பேரிங் ஒன்று லாரியில் வந்திருக்கிறது. மாட்டுகிறார்கள். ஹெட் ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார்களாம். கேன்டீனில் இப்போதே, கிரீஸ் போடவில்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. கொளஞ்சி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போய்விடுகிறார்.

மே 19, திங்கள்

குணசீலன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். கதவைச் சாத்தவில்லை. எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று எப்போதும் திறந்தே வைப்பார்.

"நாளன்னைக்கு உன்னையும் கேப்பாங்க. காரணம் ஒண்ணு கிரீஸா இருக்கணும், இல்ல கணக்கா இருக்கணும். கணக்கு போட்டது யாரு?"

"நான்தான் சார். ஆயுசு பாதிக்கும் கீழ வந்துடும்னு அன்னைக்கே உங்ககிட்ட படிக்கட்டுல..."

"படிக்கட்டுல சொன்னதெல்லாம் மீட்டிங்ல சொன்னதாகுமாம்மா? அங்க இருந்த பன்னெண்டு பேருக்கும் நீ தாங்கும்னு சொன்னதுதான் ஞாபகம் இருக்கும்."

டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருப்பதைச் சொன்னார். பையன் கல்யாணம். பிறகு தானாகவே, "கொளஞ்சி காண்ட்ராக்ட் ஆளு. இங்க இல்லேன்னா இன்னொரு பிளாண்ட்ல போய் கிரீஸ் அடிப்பான். சுத்திச் சுத்தி சிமென்ட் பிளாண்ட்தானே. நீ அப்படியா?" என்றார்.

அந்த ஜிகினாக் கவர் இன்னும் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் டீ ஆறிவிட்டது, குடி என்றார்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். ஷெட்டில் நின்றுவிடுவதாகச் சொல்லிவிட்டாளாம், ஜூலையிலிருந்து.

மே 20, செவ்வாய்

நாளை எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். நூற்றிருபது, நூற்றைம்பது, நூற்றறுபது. உரிந்த பக்கம். தமிழிலேயே எழுதிப் பார்த்துவிட்டேன். இந்தமுறை ஆயுளில் ஆரம்பிக்கப் போகிறேன்.

மே 21, புதன்

விசாரணை. இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஒரு ஆண், ஒரு பெண். அந்த அம்மாள் நல்ல மாதிரி. தண்ணீர் பாட்டிலைத் திறந்தே கொடுத்தார். பொறுமையாகச் சொல்லுங்கள், அவசரமே இல்லை என்றார்.

எத்தனை மாதமாக வேலை செய்கிறேன் என்று கேட்டார்கள். சொன்னேன். தினமும் வெப்பம் பார்ப்பது நானா என்றார்கள். ஆமாம் என்றேன்.

"கொளஞ்சிங்கறவர் எப்பவாவது கிரீஸ் போடாம விட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஒரு தடவை. நவம்பர்ல."

எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்துவிட்டு இருவரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. மேசையையும் தட்டவில்லை. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பேரிங் லேசாகக் கீச்சிட்டது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார்.

மதியம் கேன்டீனில் புளிசாதம், அப்பளம். மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

மே 23, வெள்ளி

ரோலர் பிரஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. கன்ட்ரோல் ரூமில் பார்த்தேன். நூற்றிருபதுதான் வைத்திருக்கிறார்கள். ஏன் குறைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

ஜூன் 2, திங்கள்

கிரீஸுக்குப் புது ஆள். பீகார்க்காரப் பையன், என்னைப் பார்த்தால் சல்யூட் அடிக்கிறான். கொளஞ்சியின் கேட் பாஸை வெள்ளிக்கிழமையே வாங்கிக்கொண்டார்களாம். நான் அன்று விடுப்பு. பல் எடுத்த இடத்தைக் காட்டப் போயிருந்தேன். வேறொரு நாளும் போயிருக்கலாம்.

பேரிங்குகள் ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து.

ஜூலை 4, வெள்ளி

பெர்மனன்ட்.

பெரிய சார் கை கொடுத்தார். விசாரணையில் நான் நிதானமாக, தேவையானதை மட்டும் பேசினேன் என்று ஹெட் ஆபீசில் பாராட்டினார்களாம். குணசீலன் சார் தூரத்திலிருந்து தலையை அசைத்தார். பக்கத்தில் வரவில்லை.

அம்மா போனில் அழுதாள். நாளையிலிருந்து ஷெட்டுக்குப் போக மாட்டாள். பிறகு தம்பி போனை வாங்கி, நீ ஏன் அழுறக்கா என்று கேட்டான். நான் அழவில்லை, பஸ் சத்தம் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஊருக்குப் போகிற பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டிருந்தேன். "மேடம், இப்படி வாங்க" என்று குரல் கேட்டது. கொளஞ்சி. எழுந்து இடம் கொடுத்தார். வேண்டாம் என்றேன். தோளைத் தொடாமல், இருக்கையைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். கையில் கிரீஸ் இல்லை. அந்தக் கையை நான் அதுவரை அந்த நிறத்தில் பார்த்ததில்லை.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் தீவன மூட்டை இறக்குகிறாராம். வேறு ஆலையில் கேட்கவில்லையா என்றேன். நான்கு ஆலைகளிலும் கேட்டிலேயே பெயரைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இடுப்பு வலிக்கிறது, மற்றபடி கோழிகள் குறை சொல்வதில்லை என்று சிரித்தார். மூத்த பெண் பிளஸ் டூவோடு நின்றுவிட்டாளாம். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

பிறகு குனிந்து, என் காதருகே சொன்னார். "எவனோ அந்த ஃபேன் மேட்டரைப் போட்டுக் குடுத்துட்டான் மேடம். நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு நெனச்சிட்டு இருந்தேன். எவன் பாத்தான்னே தெரியல. உங்களையும் அதுல இழுத்துவிட்டுடுவானுங்களோன்னுதான் பயந்தேன். நல்லவேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆவல."

ஜன்னலுக்கு வெளியே முந்திரிக் காடு ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் வளைவில் சாய்ந்தபோது அவர் தடுமாறினார். "இதைக் கொஞ்சம் வச்சுக்கங்க மேடம்" என்று தன் பையை என் மடியில் வைத்தார். துணிப்பை. உள்ளே சாப்பாட்டுத் தூக்கும் ஒரு லுங்கியும் இருந்தன போலிருக்கிறது. பெரிய கனம் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

என் நிறுத்தம் வந்தது. எழுந்தால் பையை அவர் கையில் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். கண்டக்டர் ஊர்ப் பெயரை இரண்டு முறை கூவினார். நான் எழவில்லை. இறங்கலையா மேடம் என்று கொளஞ்சி கேட்டார். இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும் என்றேன்.

அவர் இறங்கிய பிறகு பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நல்லா இருங்க மேடம்" என்றார்.